குடும்பத்தில் முதல் நபர்

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

உன் போன் நம்பரை நான் முடக்கி வைத்திருக்கிறேன் என்பது இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். போனில் பேசினால் நீ பேசியே என்னைக் கவிழ்த்துவிடுவாய். அதற்குத்தானே உனக்குப் படிப்பு. கடிதத்தில் நீ நடுவில் புக முடியாது. கடைசி வரை படி.

திங்கட்கிழமை ஒரு பல் டாக்டர் கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூடாமல் அடம்பிடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். சென்சாரில் எவனோ சூயிங்கம் ஒட்டியிருந்தான். சுரண்டி எடுத்துவிட்டுக் கை கழுவப் போன இடத்தில், "எந்தங்கச்சி யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றா சார்" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். டாக்டர் உடனே கம்ப்யூட்டரைத் தட்டி உன் துறையின் பக்கத்தை எடுத்துவிட்டார். உன் படம். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பல்வலிக்காரி மாதிரி இருக்கிறாய். டாக்டரும் அதைத்தான் முதலில் கவனித்தார். கீழே 'கல்விப் பின்னணியும் ஆய்வு ஆர்வங்களும்' என்று தலைப்பு. சத்தமாகப் படித்தார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இளநிலையில் கணிதம். சரி. முதுநிலையில் தத்துவம். சரி. முதுநிலை ஆய்வேடு: 'கொடுத்த வாக்கு ஏன் நம்மைக் கட்டுகிறது?' போகட்டும், எனக்குக் கொடுத்த வாக்கில் எத்தனை உன்னைக் கட்டியது என்று பிறகு பேசலாம். இப்போதைய ஆய்வு: 'சொல்லாமல் விடுவது எப்போது பொய்யாகிறது?' பிற ஆர்வங்கள்: சாட்சியம், நம்பிக்கை, தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளுதல். அதற்குப் பிறகு கடைசி வரி: 'தன் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் நபர் இவர்.'

நான் பத்து மாதம் ஏறி இறங்கியது என்ன, ஏணியா?

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து நிமிடம் முன்னால்தான், "நானும் தத்துவம்தான் சார், பாதியில விட்டுட்டேன்" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். வாய் திறந்தபடி கிடந்த ஆளும் பார்த்தார். வாயில் அத்தனை பஞ்சு இருந்தும் அந்த ஆள் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

தத்துவம் என்ற சொல்லையே இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்? அந்த வரியை எடு.

உன் அண்ணன்
குடும்பத்தில் இரண்டாவது நபர்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

ஒரே மூச்சில் படித்தேன். நடுவில் புகவில்லை.

'படி ஏறுதல்' என்பதைப் பட்டம் பெறுதல் என்ற பொருளில் எழுதினேன். அந்தப் பொருளில் அது உண்மை. நீ எடுத்துக்கொண்ட பொருளில் அது பொய். ஒரே வாக்கியம் இப்படி இரண்டாகவும் இருக்க முடியுமா என்பது என் ஆய்வின் இரண்டாம் இயலில் வருகிறது. அந்த இயலை நான் இன்னும் எழுதவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் பக்கத்தில் ஒருவருக்கு எண்பது சொற்கள்தான் இடம். நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு என் நெறியாளர் மேடம், "எல்லாம் சரிம்மா. ஆனாலும் ஃப்ரிட்ஜ் வாங்கினா அதோட வர்ற தாள் மாதிரி இருக்கு. மனுஷி எழுதின மாதிரி ஒரு வரி சேரு" என்றார். அவர் எதற்கும் ஓர் 'ஆனாலும்' வைத்திருப்பார். எனக்குத் தோன்றிய வரி அதுதான். உன் கல்லூரி எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

நம் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா சொல்லும் ஒரே வாக்கியம்தான்: "உங்கண்ணன் உனக்காகப் படிப்பை விட்டவன்." நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாத் தேர்வுகளிலும் பக்கத்து இருக்கையில் நீயும் வந்து உட்கார்ந்திருந்தாய்.

என்னால் உன் மனம் புண்பட்டிருக்குமானால், அந்த அளவுக்கு வருந்துகிறேன். நம்பரை விடுவி.

தங்கை

பிப்ரவரி 17

தங்கச்சிக்கு,

'புண்பட்டிருக்குமானால்.' 'அந்த அளவுக்கு.' வருத்தத்தை டேப் வைத்து அளந்து அனுப்பிய முதல் நபரும் நீதான்.

ஞாபகத்துக்கு வரவில்லையா? வரவழைக்கிறேன். இதோடு பதிவுத் தபாலில் இரண்டு பொருள் வருகிறது. ஒன்று, என் தர்க்கவியல் நோட்டு. அட்டையிலிருந்து அட்டை வரை என் கையெழுத்து. அதில் பதினொன்றாம் பக்கத்தில் இருக்கும் யானை நீ வரைந்தது. ஆகவே உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. இரண்டு, வகுப்புப் படம். பின்வரிசையில் வலது ஓரம் நான். படம் எடுக்கும்போது எவனோ என்னைத் தள்ளினான், அதனால் முகம் கொஞ்சம் கலங்கியிருக்கும். மீசையை வைத்துக் கண்டுபிடி.

இதையும் எண்பது சொற்களுக்குள் அடக்கு.

அண்ணன்

பிப்ரவரி 24

அண்ணா,

நோட்டு வந்தது. உண்மையாகவே நல்ல நோட்டு. என்னிடம் பாடம் கேட்கும் பிள்ளைகள் ஒருவரும் இப்படிக் குறிப்பெடுப்பதில்லை. முதல் பக்கத்தில் பெயர் எழுதாமல் 17 என்று மட்டும் போட்டிருக்கிறாயே, ஏன்? படத்துக்குக் கீழே அச்சிட்ட பட்டியலிலும் உன் பெயர் விடுபட்டிருக்கிறது. அந்தக் காலத்து அச்சகங்கள் அப்படித்தான் போலிருக்கிறது.

நான் தோற்றேன். நீ கல்லூரி மாணவன். ஒப்புக்கொள்கிறேன், அளவில்லாமல் வருந்துகிறேன். ஆனால் இப்போது வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

வருகிற ஜூன் மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆய்வு இல்லம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஓர் அறை, ஒரு மேசை, எந்நேரமும் திறந்திருக்கும் நூலகம். ஆய்வேட்டை அங்கே உட்கார்ந்து முடித்துவிடலாம். எல்லாம் உறுதியானதும் சொல்லி உங்களை அசத்தலாம் என்றிருந்தேன். அந்த இடம் 'தம் பெற்றோர், உடன்பிறந்தோரில் எவரும் கல்லூரியில் சேர்ந்து பயின்றிராத' மாணவருக்கு மட்டும். அந்த வரியின் கீழ் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்போது என் மேசைமேல் நீ பயின்றதற்கான நோட்டு இருக்கிறது. என் ஆய்வுத் தலைப்போ சொல்லாமல் விடுவது. சொல்லாமல் விடட்டுமா?

தங்கை

பிப்ரவரி 28

தங்கச்சி,

நான் கல்லூரிக்குப் போனதே இல்லை. படத்தில் இருப்பது வேறு யாரோ. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அந்த மீசைதான். நோட்டு பழைய பேப்பர் கடையில் வாங்கியது. யானையை அந்தக் கடைக்காரர் மகள் வரைந்திருப்பாள்.

நோட்டைக் கிழித்துப் போடு. அந்த வரி அப்படியே இருக்கட்டும், நல்ல வரி. பல் டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அவசரப்பட்டு யாரிடமும் எதையும் சொல்லித் தொலைக்காதே.

அண்ணன்

மார்ச் 6

அண்ணா,

சொல்லித் தொலைத்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்.

இல்லத்தின் செயலர் அறைக்குப் போய், "என் அண்ணன் ஒரு வருஷம் கல்லூரியில படிச்சிருக்கார். எனக்கு மறந்துபோச்சு" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அண்ணன் இருக்கறதே மறந்துபோச்சா, படிச்சது மட்டுமா?" என்று கேட்டார். என் இடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீ படித்த கல்லூரியிலிருந்து, எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்று ஒரு சான்று வாங்கித் தர வேண்டுமாம். ஒரு வருடத்துக்குக் குறைவு என்றால் குழு கூடிப் பரிசீலிக்குமாம். பத்து மாதம்தானே? அதில்தான் என் உயிர் ஊசலாடுகிறது.

நெறியாளர் மேடத்திடம் சொன்னேன். "செஞ்சது சரிதான்" என்றார். நான் காத்திருந்தேன். "ஆனாலும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்" என்றார்.

எனக்காகப் படிப்பை விட்டாய். இப்போது அந்தப் படிப்பே எனக்குக் குறுக்கே நிற்கிறது. உன்மேல் கோபப்படவும் முடியவில்லை. அந்தச் சான்றை மட்டும் வாங்கி அனுப்பிவிடு அண்ணா. உனக்கு அரை நாள் வேலை.

தங்கை

மார்ச் 14

தங்கச்சிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இது நான்காவது. ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிரீஸ் பட்டிருந்தால் கண்டுகொள்ளாதே.

அந்தச் சான்று கிடைக்காது. கல்லூரியில் போய்க் கேட்டால், "அப்படி ஒருத்தர் இங்க படிக்கலையே" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை.

பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் மூன்று மதிப்பெண்ணில் தோற்றேன். மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டிருந்தேன். கல்லூரி அலுவலகத்தில், "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "சீட்டு கெடைச்சிடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லும் எண்ணமில்லை. ஒரு வாரத்தில் உண்மையாகப் போவதைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

கல்லூரி திறந்த அன்று அலுவலக வாசலில் நின்று நின்று கால் வலித்தது. எதிரே ஒரு வகுப்புக் கதவு திறந்திருந்தது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தத்துவ வகுப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆசிரியர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் எண்களாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். "பதினேழு." யாரும் பேசவில்லை. "பதினேழு!" என்று கத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். தூக்கியவர் நேராக என்னைப் பார்த்தார்.

"உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டேன்.

நிஜமான பதினேழு வகுப்புத் தொடங்கும் முன்பே வெளியூரில் தன் மாமா கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுகூட்டல் முடிவும் வந்தது. முன்பிருந்ததில் ஒரு மதிப்பெண் குறைந்திருந்தது.

அதற்குப் பிறகும் போனேன். பத்து மாதம், ஒரு நாள் விடாமல். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. போகப் போகப் பிடித்தும்போய்விட்டது. பையன்கள் என்னைப் 'பதினேழு' என்றே கூப்பிட்டார்கள். வகுப்புத் தேர்வில் பதினேழுக்கு இரண்டாம் இடம். ஆசிரியர், "பதினேழு, எந்திரிச்சு நில்லு. எல்லாரும் இவனைப் பாருங்கடா" என்றார். அவ்வளவு பயந்த நாளும் எனக்கில்லை, அவ்வளவு சந்தோஷப்பட்ட நாளும் எனக்கில்லை. இரண்டும் ஒரே நாள்.

வருடத் தேர்வுக்கு நுழைவுச் சீட்டில் படம் ஒட்டித் தலைமை எழுத்தரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அன்றோடு முடிந்தது. வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்து உன் பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "ஏண்டா முகம் இப்படி இருக்கு?" என்றார். அந்த ஷூவைப் பார்த்ததும் வாயில் வந்தது: "நான் வேலைக்குப் போறேன்பா. இவளையாவது நல்லாப் படிக்க வைக்கலாம்."

அப்பா அழுதுவிட்டார். அழுகிற மனிதரிடம் திருத்தம் சொல்ல முடியவில்லை. அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன். அவர் போகும் வரை அந்த அப்புறம் வரவில்லை.

ஆகவே நான் படிதான் ஏறினேன், பட்டியலில் ஏறவில்லை. உனக்காக எதையும் விடவில்லை. விடுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நீதான் முதல் நபர். அந்த வரியைக் கேட்டு எனக்கு ஏன் அப்படிக் கொதித்தது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். எனக்கும் எழுதும்போதுதான் புரிகிறது.

அண்ணன்

மார்ச் 19

அண்ணா,

முதலில் சிரித்தேன். நூலகத்தில் சிரித்ததால் வெளியே அனுப்பிவிட்டார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடி படித்தபோது கோபம் வந்தது. உன் தியாகத்துக்கு ஈடாகத்தான் நான் மூன்று வருடம் கணிதம் படித்தேன், தெரியுமா? தத்துவம் எடுக்கத்தான் ஆசை. ஆனால் எனக்காகப் படிப்பை விட்டவனிடம் போய், 'வேலை கிடைக்காத படிப்பு எடுக்கிறேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. நுண்கணிதம் முழுவதையும் உனக்காக விழுங்கியிருக்கிறேன். அதை இனி எங்கே துப்புவது?

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. அன்றைக்கு வாசலில் நீ சொன்னது வாய்க்கு வந்த பொய். ஆனால் மறுநாள் காலையில் வேலைக்குப் போனாய். என் பள்ளி, கல்லூரி, இந்த ஊருக்கு நான் கிளம்பியபோது வாங்கித் தந்த பெட்டி, எல்லாம் நீ செய்தது. சொன்ன பொய்யை இருபது வருடம் உழைத்து நிஜமாக்கிவிட்டாய். இதை எந்த வகையில் சேர்ப்பதென்று என் ஆய்வில் எனக்கே தெரியவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி ஆக வேண்டியது. ஏப்ரல் 7 அன்று குழு கூடுகிறது. நீ நேரில் வந்து இதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததை அம்மாவிடம் மறைத்துக்கொண்டு, மறைப்பதைப் பற்றியே என்னால் ஆய்வேடு எழுத முடியாது.

முடியாதென்றால் விடு. நான் இடத்தை விட்டுவிட்டு ஏதாவது பயிற்சி மையத்தில் கணக்கு வாத்தியாராகிவிடுகிறேன். இது மிரட்டல் இல்லை. கொஞ்சம் மிரட்டல்தான்.

தங்கை

மார்ச் 27

தங்கச்சி,

சொல்லிவிட்டேன்.

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை. நூலும் நுழையவில்லை. பிறகு, "பத்து மாசம் சுமந்தேன். அப்புறம் பத்து மாசம் விடியறதுக்குள்ள எந்திரிச்சு சாப்பாடு கட்டிக் குடுத்தேன். ரெண்டும் வெட்டி வேலைதானா?" என்றாள். உன் அண்ணி அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அழுவதற்கு என்று நினைத்தேன். சிரிப்பதற்கு.

அன்றிலிருந்து அம்மா என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. "அந்தப் பதினேழைச் சாப்பிட வரச் சொல்லு" என்று உன் அண்ணியிடம் சொல்கிறாள்.

அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் படத்தை மட்டும் நெடுநேரம் துடைத்தாள்.

7ஆம் தேதி வருகிறேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டுமா, வேலைச் சட்டை போதுமா?

அண்ணன்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

உன்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தபோது ஒன்றும் தெரியாமல் இருந்தோம். இன்று தெரிந்துவிட்டது. இடம் எனக்குத்தான்!

அன்று என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள் அல்லவா? அந்த அறைக்கதவு சரியாக மூடாது. எல்லாம் கேட்டது. செயலர், "அப்போ நீங்க படிச்சீங்களா, படிக்கலையா?" என்று கேட்டார். நீ, "படிச்சேன் சார். ஆனா மாணவனா இல்ல" என்றாய். அவ்வளவு பெரிய மேசைக்கு முன்னால், உன்னைத் தெரியாத ஐந்து பேரிடம், எனக்காக அதைச் சொன்னாய். இந்தத் தடவை வாசலில் அழுதது நான்தான்.

நீ ஊருக்குப் போன பிறகு குழு மறுபடி கூடியபோது நடந்ததை மேடம் சொன்னார். விதியில் 'சேர்ந்து பயின்ற' என்றிருக்கிறது. நீ பயின்றாய், சேரவில்லை. என் இடத்தைத் தடுக்க இரண்டும் வேண்டுமா, ஒன்று போதுமா என்று ஐந்து பேரும் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்களாம். கடைசியில் இரண்டும் வேண்டும் என்று முடிவானது. அதில் ஒருவர், "இவ்வளவு நல்ல வருகைப் பதிவு உள்ளவனைச் சேர்க்காம விட்டது அந்தக் கல்லூரியோட முட்டாள்தனம்" என்று குறிப்பில் எழுதச் சொன்னாராம். செயலர் எழுத மறுத்துவிட்டார்.

கூட்டத்துக்குப் பிறகு நீ அந்த அறைக்கதவைக் கழற்றிச் சரிசெய்துவிட்டுப் போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இப்போது வெளியில் நின்றால் ஒரு சத்தமும் கேட்பதில்லை. அடுத்து வரும் தங்கைகள் பாவம்.

துறைப் பக்கத்தில் அந்த வரியை மாற்றிவிட்டேன்: 'தன் குடும்பத்தில் கல்லூரிப் பட்டியலில் ஏறிய முதல் நபர்.' மேடம் பார்த்தார். 'ஆனாலும்' சொல்லவில்லை.

அம்மா பேசினாளா?

தங்கை

ஏப்ரல் 20

தங்கச்சிக்கு,

பேசினாள். கேள்.

நேற்று சனிக்கிழமை காலை அம்மா நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அந்தக் காலேஜ் எங்க இருக்கு? என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள், என்னிடமே. ஏன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கூட்டிக்கொண்டு போனேன். விடுமுறை நாள், யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்த வகுப்பறை அப்படியே இருந்தது. சுண்ணாம்பு மட்டும் புதிது. கடைசி பெஞ்சைக் காட்டினேன். அம்மா போய் உட்கார்ந்தாள். பலகையைத் தடவினாள். "இங்கிருந்து போர்டு தெரியுமா உனக்கு?" என்றாள். தெரியும் என்றேன். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்ததுதான் தாமதம், பத்துப் பதினைந்து பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். பின்னாலேயே ஓர் ஆசிரியை, உன் வயதுதான் இருக்கும். சனிக்கிழமை ஏதோ தனி வகுப்பாம். எழுந்து போகலாம் என்று அம்மா கையைப் பிடித்தேன். "பாடம் நடக்கும்போது எந்திரிக்கக்கூடாது" என்று அம்மா என்னை இழுத்து உட்காரவைத்துவிட்டாள். ஆசிரியை எங்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். அம்மா கொட்டாவிகூட விடவில்லை. எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி ஒரு காலத்தில் புரிந்திருந்தது.

முடிவில், "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். அம்மா கையைத் தூக்கினாள். தங்கச்சி, பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அம்மா எழுந்து நின்றாள். "இவன் எம் புள்ள. இருபது வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல பத்து மாசம் உக்காந்து படிச்சான். ஒரு நாள் லீவு போடலை. ரெண்டாவது ரேங்க் வாங்கினான். அவனுக்கு ஏன் சீட்டு குடுக்கலை?"

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. ஆசிரியை சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "எனக்குத் தெரியலையேம்மா" என்றார்.

"தத்துவம் படிச்சவங்க எதைக் கேட்டாலும் இதைத்தான் சொல்றாங்க. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா" என்றாள் அம்மா. வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிடமானது. ஆசிரியையும் சிரித்தார். நானும்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். வண்டி வரும்போதுதான் அம்மா கேட்டாள்: "அடுத்த சனிக்கிழமையும் வகுப்பு இருக்குமாடா?"

அண்ணன்